நடிப்பு, பாதிப்பு இல்லை

மார்ச் 3, திங்கள்

மாதம் பிறந்தால் ஆளுக்கு ஒரு டிஷ்யூ பெட்டி கொடுப்பார்கள். இன்றும் கொடுத்தார்கள். என் பெட்டி மேசைக்கு வந்து சேரும் முன்பே பக்கத்து சீட்டுக்காரி கையை நீட்டிவிட்டாள். "உனக்கு எதுக்கு? நீதான் கல்லாச்சே" என்றாள். கொடுத்துவிட்டேன். அவள் கண் துடைக்கிறாளோ இல்லையோ, சாப்பாட்டு டப்பாவை நன்றாகத் துடைக்கிறாள்.

மனநல ஆலோசகர் வந்திருந்தார். இந்த வேலையில் இருப்பவர்களை மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்று விதி. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடைசியாக எப்போது அழுதீர்கள்? ஞாபகம் இல்லை என்றேன். போன மாதமும் அதைத்தான் சொன்னேன். அவரும் போன மாதம் போலவே தலையை ஆட்டினார்.

என் வரிசைக்கு அழுகை வரிசை என்று பெயர். இணையத்தில் கிடக்கும் ஒரு வீடியோவை நீக்கச் சொல்லி யாராவது எழுதினால், அது எங்களிடம் வரும். அதில் யாராவது அழுதால் என்னிடம் வரும். அழுகை நிஜமா, நடிப்பா என்று நான் குறிக்க வேண்டும். நிஜம் என்றால் வீடியோ போய்விடும். நடிப்பு என்றால் அப்படியே கிடக்கும். படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நான் இதில் கெட்டிக்காரி. தோள்பட்டையைப் பார்த்தாலே போதும், முகம்கூட வேண்டாம்.

மார்ச் 5, புதன்

வேலை. வீடு. குழாய் சொட்டுகிறது. வாளியை வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், பசி வேளை. நாங்கள் எதையும் வண்ணத்தில் பார்ப்பதில்லை. ஒலியும் கிடையாது. உள்ளங்கை அளவு சாம்பல் நிறச் சதுரம், அவ்வளவுதான். மனதில் தங்கிவிடக் கூடாதாம், அதற்காக இந்த ஏற்பாடு. யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அது மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சதுரம் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் நாற்காலியில். ஒருத்தி காகிதம் வைத்துப் படிக்கிறாள், அழுகிறாள். பக்கத்தில் இருப்பவள் சிரிக்கிறாள். மேசை மேல் பாதி வெங்காயம். வெங்காயம் இருக்கிறது, கூட இருப்பவள் சிரிக்கிறாள் – இதற்கு மேல் என்ன வேண்டும்? கொட்டாவியைக்கூட முழுசாக விட்டு முடிக்கவில்லை. "நடிப்பு, பாதிப்பு இல்லை" என்று குறித்து அனுப்பிவிட்டேன். அடுத்தது, அதற்கடுத்தது.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதுதான் அந்தப் போர்வை ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் திரைபோலக் கட்டியிருந்த போர்வை. ஒட்டகச்சிவிங்கிகள். ஒன்றுக்குக் கழுத்து மடிப்பில் போய் தலை மட்டும் தனியாக எட்டிப் பார்க்கும்.

அது எங்கள் வீட்டுப் போர்வை.

அழுதது நான்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. மாலை வரை மற்றதையெல்லாம் பார்த்தேன். தப்பில்லாமல் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

இத்தனை வருடமாக நான் பயந்த வீடியோ அது. யாராவது என் பெயரைத் தேடினால் வந்துவிடுமோ என்று பயந்து, எந்தக் கணக்கிலும் என் முகம் வைத்ததில்லை. எல்லாவற்றிலும் படம் வைக்காதவர்களுக்கு வரும் அந்தச் சாம்பல் நிறத் தலைதான். குழுவாகப் படம் எடுத்தால் நான்தான் எடுக்கிறேன் என்று முந்திக்கொள்வேன். நாலு பேர் இருக்கும் அறைக்குள் போவதற்கு முன்னால் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன் – இது யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட வீடியோ கண் முன்னால் வந்தது. கொட்டாவி விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. அதுதான் ஆச்சரியம்.

கொசுவைப் பற்றி எழுத வேண்டும். பக்கத்தில் சிரித்தவள். சின்ன உருவம், காதருகிலேயே ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், அதனால் கொசு. பதினைந்து வயதில் நானும் அவளும் வீடியோ போட்டு ஊருக்கே ஆலோசனை சொல்லக் கிளம்பினோம். காதல் தோல்வி, மாமியார் தொல்லை, கடன் சுமை – ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்கு அவள் அப்பாவின் டை. எனக்குப் பல்லில் கம்பி, மூக்கில் கண்ணாடி இல்லாத ஒரு ஃபிரேம். நேயர் கடிதம் என்று படிப்போம். நேயரே கிடையாது, எல்லாம் நாங்களே எழுதியது. முடிக்கும்போது இருவரும் சேர்ந்து ஒரு வசனம் சொல்வோம்: "கவலையை எங்களிடம் கொடுங்கள், கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்." கடவுளே.

கணக்கின் கடவுச்சொல்லில் முன்பாதி அவளுக்குத் தெரியும், பின்பாதி எனக்குத் தெரியும். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி எதுவும் செய்யக் கூடாது என்று அப்படி ஒரு ஒப்பந்தம். பெரிய மூளைக்காரிகள்.

எடுத்ததைத் திரும்பிப் பார்க்காமலே ஏற்றிவிடுவோம். அந்த அழுகை வீடியோவில் எனக்கு மூக்கு ஒழுகும். மேலுதடு வரை வந்து, பல் கம்பியில் பட்டு – பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. சளி மேடம் என்று பெயர் வைத்தார்கள். படிப்பு முடியும்வரை அந்தப் பெயர்தான். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள். நான் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். நடிப்பு. வெங்காயம் வைத்து அழுதேன். வெங்காயம்கூடத் தெரியுதே, பாக்கலையா?

கொசு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. வீடியோவை அழிக்க வேண்டுமானால் இருவரும் பேச வேண்டும். பேசவில்லை. அது அப்படியே கிடந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஸ்கேலிடமிருந்து பிழைச் சீட்டு வந்தது.

ஸ்கேல் என்பவர் எங்கள் தரப் பரிசோதகர். நாங்கள் குறித்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து மறுபடி பார்ப்பார். எதையும் அளந்துதான் பேசுவார். எனக்கு அவரிடமிருந்து சீட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்று வந்தது. எதற்கு என்று சொல்லவும் வேண்டுமா? "இது நடிப்பு அல்ல. நிஜ அழுகை. வீடியோவை எடுத்திருக்க வேண்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். கீழே இரண்டு பொத்தான். ஏற்கிறேன். மறுக்கிறேன்.

ஏற்றால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். வீடியோ போய்விடும். நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே? மறுத்தால் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும். அங்கே தகராறான வீடியோக்களைப் பெரிய திரையில் போட்டு, எல்லோரும் பார்த்து, கை தூக்கி முடிவு செய்வார்கள். வண்ணத்தில். ஒலியோடு.

"மறுக்கிறேன்" என்பதை அழுத்திவிட்டேன்.

மார்ச் 15, சனி

ஏன் அழுத்தின? ஏன்டி அழுத்தின?

மார்ச் 16, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். பின்னால் அப்பா ஏதோ சொல்ல, அவள் அதற்குப் பதில் சொல்ல, அதற்கு அவர் மறுபதில் சொல்ல, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு துணி மடித்து முடித்தேன். இப்போது இருவரும் பேச்சை நிறுத்துவதே இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு.

அந்த ஒட்டகச்சிவிங்கிப் போர்வை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இஸ்திரி போட அதைத்தான் விரிக்கிறாளாம். எதற்குக் கேட்கிறாய் என்றாள். சும்மா என்றேன்.

மார்ச் 17, திங்கள்

ஏன் அழுத்தினேன் என்று தெரிந்துவிட்டது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஏற்றுக்கொண்டால் அது நிஜ அழுகை என்று என் கையால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். சளி மேடம் என்றவர்கள் எல்லோரிடமும் நடிப்பு என்று சொல்லித்தான் நான் தப்பித்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடிப்பாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை என் கை தப்பாகக் குறிக்கவில்லை. பழகிய பதிலைத்தான் குறித்தது.

அன்று நான் படித்த நேயர் கடிதம் என் வீட்டைப் பற்றியது. நானே எழுதியது. கொசுவிடம்கூட முன்னால் காட்டவில்லை. வெங்காயம் அதற்கு முந்தின கடிதத்துக்காக நறுக்கி வைத்தது.

இதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை. விரலால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

நாளைக் கூட்டத்துக்கான வரிசை வந்தது. என்னுடையது இரண்டாவது. தெரிந்தவர் இருக்கும் வீடியோ வந்தால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வேலை போகுமா? போகலாம். லீவு போடலாமா என்று நினைத்தேன். நான் இல்லாவிட்டாலும் திரையில் போடுவார்கள். அவளைத் தனியாக விட்டுவிட்டு இங்கே நான் போர்வைக்குள் படுத்திருப்பதா?

"அவளை" என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

போனேன். பின்வரிசையில், கதவுப் பக்கமாக உட்கார்ந்தேன். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் டீம் லீடை எல்லோரும் அக்கா என்போம், என்னைவிடச் சின்னவள்தான். அவள் விளக்கை அணைத்தாள். முதல் வீடியோ முடிந்தது. இரண்டாவது.

வண்ணத்தில் அந்தப் போர்வை மஞ்சளாக இருந்தது. எனக்கு மறந்தே போயிருந்தது. சுவர் முழுக்க நான். பல் கம்பி, ஃபிரேம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. குரல் கீச்சென்று இருந்தது. "அடுத்த கடிதம். எங்க வீட்ல அம்மாவும் அப்பாவும் பேசிக்கிறதில்ல. நான்தான் நடுவுல தூது. உப்பு வேணும்னாகூட என்கிட்டதான் சொல்றாங்க. நான் ஸ்கூல் போனப்புறம் ரெண்டு பேரும் உப்பில்லாமதான் சாப்பிடுவாங்களோன்னு –" அந்த இடத்தில் உடைகிறாள். தோள்பட்டை குலுங்குகிறது. கொசு சிரிக்கிறாள். அறையிலும் யாரோ சிரித்தார்கள்.

பிறகு நடந்தது என் ஞாபகத்தில் இல்லாத ஒன்று. அவள் எழுந்து போகவில்லை. சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கிறாள். கடைசி வரி வரை படிக்கிறாள். பதிலும் சொல்கிறாள்: "அன்பு நேயரே, நீங்க கொஞ்ச நாளைக்குத் தூது போறத நிறுத்திப் பாருங்க." நல்ல பதில். இன்று ஒருவர் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். அப்புறம் கவலையை எங்களிடம் கொடுங்கள், கதவைச் சாத்திவிட்டு – தனியாகவே சொல்லி முடிக்கிறாள். கொசு வாயைத் திறக்கவில்லை.

இத்தனை வருடம் நான் மூக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் நடிப்பு என்றுதான் தூக்கினார்கள். வெங்காயம் இருக்கே என்றான் ஒருவன். பக்கத்துல சிரிக்குதே என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. ஸ்கேல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கேட்டவங்க எழுதினத படிங்க" என்றார். மேலே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிவது. அக்கா பெயரை விட்டுவிட்டுப் படித்தாள்.

"பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது நான். அவள் நிஜமாகத்தான் அழுதாள். எனக்கு அப்போதே தெரியும். என் மகள் இதையெல்லாம் பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டாள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்."

ஸ்கேல் என் பக்கம் திரும்பினார். நடிப்புன்னு எத வச்சு முடிவு பண்ணீங்க என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு எதுவானாலும் அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"வெங்காயம்" என்றேன். பிறகு, "சார், மறுப்பை வாபஸ் வாங்கிக்கிறேன். அது நிஜம்தான்" என்றேன்.

எப்படி இப்போது மட்டும் உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்.

"அது நான் சார்."

அக்கா விளக்கைப் போட்டாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகும், தரை பிளக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஏசி குளிர்ந்தது. ஸ்கேல் தன் பேனாவை மூடினார். "அப்ப நீங்க இதப் பாத்திருக்கவே கூடாது" என்றார். ஆமாம் சார் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. அக்கா கதவைச் சாத்திவிட்டு, வேறு வரிசைக்கு மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சாப்பிடும்போது பக்கத்து சீட்டுக்காரி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவளால் அது முடிகிற காரியம் இல்லை. கடைசியில், "கோவிச்சுக்காத. அந்த மூக்க மட்டும் கொஞ்சம் முன்னாடியே தொடச்சிருக்கலாம்" என்றாள். சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். நடைபாதையில் போகிறவன் ஒருவன் வீடியோவில் வரும் ராகத்திலேயே கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்றான். சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

எடுத்துவிட்டார்கள். வேறொருவர் பார்த்து, நிஜம் என்று குறித்து, எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடினேன். இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. இத்தனை வருட ஆசை. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி மறுபடி மறுபடி தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

குழாய்க்காரர் வந்து போனார். இப்போது சொட்டவில்லை. சத்தம் இல்லாதது ஒரு மாதிரியாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவிடம் கொசுவின் எண் இருந்தது. மருந்துக்கடையில் பார்த்தபோது வாங்கி வைத்தாளாம். நான் கேட்க மாட்டேன் என்று இத்தனை நாள் சொல்லவில்லையாம். வாங்கிக்கொண்டு, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி முடித்துவிட்டு, போன் செய்தேன்.

வேலையில் பார்த்தது எதையும் வெளியே சொல்லக் கூடாது. அதனால் சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

என் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் அவள் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "சளி மேடமா?" என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன்.

மகள் எத்தனாவது, என் வேலை எப்படி, முழங்கால் வலி, எல்லாம் பேசினோம். அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். "அந்த வீடியோவ எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டேன்டி. உன்கிட்ட கேக்காமலே. மொதல்ல முடியாதுன்னுட்டாங்க. நடிப்பாம். எவளோ கண்ணு அவிஞ்சவ பாத்திருக்கா."

"இருக்கும்" என்றேன். "பாவம், அவ வேலை அப்படி."

"என்ன பாவம்? சின்னக் கொழந்தைக்குக்கூட தெரியும் அது நிஜம்னு."

கழுவிய டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் ஏன் சிரிச்சேன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்?"

"பயந்துட்டேன். நீ அழுது நான் பாத்ததே இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் பெஞ்சு மாறினேன்."

மூக்கு ஒழுகினதுக்காக நீ ஒதுங்கிட்டன்னு நெனச்சேன்டி – இது நான். இவ்வளவு வருஷமா, இதையே – அதற்கு மேல் சொல்ல வரவில்லை. தொண்டையில் ஏதோ. முதலில் சளி என்றுதான் நினைத்தேன்.

"அழுறியா?" என்றாள்.

"இல்ல. நடிப்பு."

"எனக்குத் தெரியும்டி" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. நான் முடிக்கிறவரை இருந்தாள். துடைக்கக் கையில் எதுவும் கிடைக்காமல் சட்டைக் கையில்தான் துடைத்தேன்.

மற்ற வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன – காதல் தோல்வி, மாமியார், கடன் எல்லாம். என் பாதி ஞாபகம் இருக்கு, உன் பாதியைச் சொல்லு, எல்லாத்தையும் அழிச்சிடலாம் என்றாள். என் பாதியும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கிடக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டிஷ்யூ பெட்டிகள் வந்தன. பக்கத்து சீட்டுக்காரி வழக்கம்போல் கையை நீட்டினாள். இது எனக்கு இருக்கட்டும் என்றேன்.